தோர்ணக்கல்லுக்குச் சென்ற தமிழர்

சென்னையிலிருந்து தில்லிக்கு இரயிலேறும் நாம், விஜயவாடாவையும் கம்மத்தையும் கடந்தபின் தோர்ணக்கல் என்னும் சந்திப்பைக் காண்கிறோம். பெயர்ப்பலகையை வாசித்துவிட்டு, மீண்டும் கையிலுள்ள புத்தகத்தில் ஆழ்ந்துவிடுகிறோம். ஆயினும், நம்மைப் போலவே தாய்மொழி வழங்கும் நாட்டை விட்டு வந்த தமிழர் ஒருவர், 1909 முதல் தம் இறுதிநாள்வரை உழைத்த களம் அவ்வூரே. அவர்தாம் வேதநாயகம் சாமுவேல் அசரியா.

அன்றைய திருநெல்வேலி மாவட்டத்து வெள்ளாளன்விளையில், 1874-ஆம் ஆண்டு, குருவானவர் ஒருவரின் மைந்தராக அவர் பிறந்தார். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்று, பின்னர் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தில் பணியாற்றினார். 1902-இல் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தம் சொந்தப் பொருளைக் கொண்டே வேற்றூருக்கு ஊழியரை அனுப்பி வந்ததைக் கண்டார். அக்காட்சி அவர் உள்ளத்தைத் தைத்தது. தாம் போற்றும் சமயத்தைப் பிறருக்கு எடுத்துரைக்கும் கடமையை வெளிநாட்டாரிடம் விட்டுவிட்டு வாளாவிருத்தல் தகுமோ என எண்ணினார். இதன் பயனாக, 1903-இல் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் தோன்றியது. இந்தியரின் பொருள், இந்தியரின் உழைப்பு, இந்தியரின் நிர்வாகம் என்பதே அதன் கொள்கை.

பிறரை அனுப்புவதோடு அவர் அமைதியடையவில்லை; தாமே புறப்பட்டார். அப்போது அவருக்கு ஏறத்தாழ 35 வயது. நிஜாம் ஆட்சியிலிருந்த தெலுங்கு நாட்டில், அம்மக்களின் மொழியைக் கற்றே அவர்களோடு பேச வேண்டியிருந்தது. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாம் இதன் அருமையை நன்கு அறிவோம். நடுவயதில் வேற்றுமொழியைக் கற்பவன் முதலில் இழப்பது தன் பெருமையையே. தன் நாட்டில் நாவன்மை பெற்றிருந்தவனும் புதிய ஊரில் குழந்தைபோலத் திக்கித் திணறுவான். தான் சொல்ல வந்த பொருளில் உறுதியுடையவனே அந்நாணத்தைப் பொறுத்துக்கொள்வான்.

அவ்வுறுதி பெரியோர் அவையிலும் தளரவில்லை. 1910-இல் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு கூடிற்று. அங்கே, வெள்ளைக்கார மிஷனரிகள் இந்திய ஊழியருக்குப் பொருளுதவி அளித்தும் தியாகம் புரிந்தும் வந்ததை அசரியா நன்றியுடன் ஏற்றார். எனினும், அவர்கள் தம்மைச் சமமான நண்பராக நடத்தவில்லை என்று வெளிப்படையாகக் கூறி, நட்பையே வேண்டினார். கேட்டோரிற் சிலர் முகஞ்சுளித்தனர். ஆயினும் இரண்டே ஆண்டுகளில், 1912 டிசம்பர் 29-ஆம் நாள், கல்கத்தாவில் அவர் தோர்ணக்கல் அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் அத்தியட்சரான முதல் இந்தியர் அவரே.

அவருடைய சபையிற் சேர்ந்தோரிற் பெரும்பாலோர், ஊருக்குப் புறத்தே ஒதுக்கப்பட்டிருந்த எளிய மக்கள். அவர்களும் வாய்திறந்து தம் நம்பிக்கையைக் கூறுதல் வேண்டும் என்பது அவர் கருத்து. ஆதலின், ஞானஸ்நானம் பெறுவோர் தம் தலைமேல் கைவைத்து, நற்செய்தியைக் கூறாதிருத்தல் தமக்குக் கேடு என்று உறுதி சொல்லுமாறு செய்தார். எழுத்தறியாத உழவனும் பேசத் தகுதியுடையவன் என்பதை அச்சிறு செயல் உணர்த்திற்று.

இப்பணிக்கு மறுப்பு எழாமலில்லை. தாழ்த்தப்பட்டோரைச் சமயம் மாற்றுதலைக் காந்தியடிகள் 1930-களில் கடுமையாகக் கண்டித்தார்; அசரியாவோ தம் கொள்கையினின்றும் விலகவில்லை. அவ்வழக்கு இன்றும் தீர்ந்தபாடில்லை. எனினும், கிறிஸ்தவருக்குத் தனித் தொகுதிகள் கூடாது என்பதில் அசரியா காந்தியடிகளின் கட்சியிலேயே நின்றார். சமயத்தில் உறுதி என்பது நாட்டினின்றும் பிரிந்து நிற்பதன்று என்பதை இதனால் அறிகிறோம்.

1939 ஜனவரி 6-இல் தோர்ணக்கல் பேராலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது. இந்துக் கோயிற் கலையும் இஸ்லாமியக் கட்டடக் கலையும் அதில் கிறிஸ்தவ வழிபாட்டிற்குத் துணைநிற்கின்றன. தம் நம்பிக்கையை ஐயமின்றி உரைத்தவர், அயலார் கலையைக் கண்டு அஞ்சவில்லை.

1945 ஜனவரி முதல் நாள் அவர் மறைந்தார். நம்மிற் பலர் வேறு சமயத்தினர். அவருடைய செய்தியை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் உரிமை. ஆனால், நாம் உயர்வென மதிப்பதை அயலாருக்குச் சொல்ல விரும்பினால், முதலில் அவருடைய மொழியைக் கற்று, அவருக்கு நண்பராதல் வேண்டும் என்பது வேற்று மாநிலங்களில் வாழும் நம் அனைவருக்கும் உரியதன்றோ? அடுத்த முறை அவ்வழியே செல்கையில், கையிலுள்ள புத்தகத்தைச் சற்றே மூடிவைப்போமாக.