இறங்கும் சுமையின் கணக்கு

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி என்று மேற்கே போய்க்கொண்டே இருந்தால் பூண்டி வரும். பேருக்கேற்ற ஊர்தான், விளைவதும் பூண்டு. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் அதன் பெரிய சந்தை மலையில் இல்லை. பெரியகுளம் பக்கத்து வடுகபட்டியில் இருக்கிறது. ஆக, இங்கே போக்குவரத்து என்றாலே எடையைக் கீழே இறக்கும் வேலைதான்.

அந்த வேலைக்கு ஆன சக்தி எங்கிருந்து வந்தது? 1910களின் நடுவில் லாஸ் காட் சாலை வரும்வரை, மனிதத் தோளும் குதிரை முதுகும்தான். வெள்ளைக்காரர்கள் டோலியில் உட்கார்ந்தபடி மேலே வந்தார்கள்.

பூண்டிக்கு அப்பால், மலைத்தொடரின் மேற்கு விளிம்பில், தேயிலைக்காரர்கள் வேறு மாதிரி யோசித்தார்கள். 1902இல் மூணாறு பக்கம் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒரு மோனோரயில் போட்டார்கள். தண்டவாளம் ஒன்றே ஒன்று. வண்டியின் பெரும்பாரம் அதன்மேல் உருளும். கவிழாமலிருக்க ஒரு பெரிய சக்கரம் பக்கத்து மண்சாலையில் ஓடும். இழுத்தது எஞ்சின் இல்லை, மாடு! இரும்பின்மேல் இரும்பு உருளும்போது தடை மிகக் குறைவு. மண்ரோட்டில் திணறுகிற அதே மாடு, இங்கே பல மடங்கு பாரத்தை இழுத்துவிடும். 1908இல் அதன் இடத்தில் சிறு ரயில் வந்தது. 1924 ஜூலை வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போனது.

டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிக்கயிற்றில் தொங்கியபடி சுமார் 5 கிலோமீட்டர் கீழே கொட்டகுடிக்குப் பறந்தன. அங்கிருந்து போடிக்கு மாட்டுவண்டி. இந்த மாதிரிக் கயிற்றுப்பாதையின் சூட்சுமம் நம்ம ஊர்க் கிணற்று ராட்டினத்தில் இருப்பதுதான். ஒருபக்கம் இறங்குகிற பாரம், மறுபக்கம் ஏறுவதை இழுக்க உதவும்.

இன்றைய லாரிக்கு வருவோம். ஒரு டன் சரக்கு 1,000 மீட்டர் இறங்கினால் சுமார் 2.7 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல் வெளிப்படும். கொடைக்கானலுக்கும் அடிவாரத்துக்கும் உயர வித்தியாசம் ஏறத்தாழ 1,800 மீட்டர். பத்து டன் லோடு என்றால் கிட்டத்தட்ட 49 யூனிட். "ஏறின கியர்லயே இறக்கணும்" என்பது மலை டிரைவர்களின் பால பாடம். அப்படி இறக்கினாலும் அந்த ஆற்றல் எஞ்சினிலும் பிரேக்கிலும் வெறும் சூடாகத்தான் போகிறது. காட் ரோட்டில் வரும் கருகல் வாடை அதுதான்.

சுவிட்சர்லாந்தின் ஒரு சுண்ணாம்புக்கல் குவாரியில் மின்சார டம்பர் ஒன்று ஓடுகிறது. மேலே காலியாக ஏறும், 65 டன் கல்லோடு இறங்கும். இறக்கத்தில் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி பேட்டரியை நிரப்புகிறது. அடுத்த ஏற்றத்துக்கு அதுவே போதும்.

பூண்டி அந்தக் குவாரி இல்லை. கொடைக்கானல் வரை பாதை ஏறி இறங்கித்தான் போகிறது. திரும்பும் லாரியில் உரமும் அரிசியும் சிமெண்டும் ஏறும். முழுக் கணக்கும் நேராகாது. பாதி நேரானாலும், டீசல் விலை கூடும்போதெல்லாம் வாடகையும் கூடி, வடுகபட்டியில் பூண்டுக்குக் கிடைத்த காசைக் கரைக்கிற விவசாயிக்கு அது லாபம்தான். மாட்டை வைத்து மோனோரயில் ஓட்டிய மலை இது. இங்கே அந்தக் கணக்கை மறுபடி போட்டுப் பார்க்கலாம்.