வெள்ளைக்கோழி முட்டையைப் பொரித்த சிறுவிடை

போன வருஷம் சந்தையில் நாட்டுக்கோழிக் குஞ்சு என்று பத்து வாங்கி வந்தேன். மெஷினில் பொரித்தவை. கீரிக்கும் பருந்துக்கும் போக ஆறு கோழி தேறின. நிறம், நடை, கெக்கரிப்பு எல்லாம் நாட்டுக்கோழிதான். முட்டையும் வஞ்சகமில்லாமல் வைத்தன. ஆனால் ஒன்றுகூட அடைக்கு உட்காரவில்லை. இருபது முட்டை வரைக்கும் கூடையில் விட்டுப் பார்த்தேன். வந்தது, முட்டையைப் போட்டது, போய்க்கொண்டே இருந்தது.

டவுனில் இருக்கும் நண்பர்களுக்காக ஒரு விளக்கம். சரியான நாட்டுக்கோழி பன்னிரண்டு, பதினைந்து முட்டை வைத்ததும் நிறுத்திக்கொள்ளும். முட்டை மேலேயே படுத்துவிடும். கிட்டே போனால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு கொத்த வரும். வயிற்றுப் பக்கம் இறகு உதிர்ந்து வெறுந்தோல் முட்டையில் படும். ஒரு நாளைக்கு ஒருதரம் எழுந்து இரை, தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடி வந்துவிடும். 21 நாள் இப்படி. உடம்புக்குள் இதை நடத்துவது புரோலாக்டின் என்ற ஹார்மோன். தாய்க்குப் பால் சுரக்க வைப்பதும் இதேதான். முட்டை வயிற்றில் பட்டுக்கொண்டே இருந்தால் இது குறையாது. அதனால்தான் அடைக்கூடையை இருட்டு மூலையில், ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் வைப்பார்கள்.

எங்க அப்பத்தா கூடையில் மணல் பரப்பி, அதன்மேல் வைக்கோல் போட்டு, ஒற்றைப்படையில் ஒன்பதோ பதினொன்றோ வைப்பார். இடிக்குப் பயந்து ஒரு இரும்புத்துண்டு, அடுப்புக்கரி, காய்ந்த மிளகாய். இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகும் என்பது அவர் கணக்கு. அதே அப்பத்தா, முட்டைக்குத் தேவை வந்துவிட்டால் அடைக்கோழியைத் தண்ணீரில் முக்குவார், மூக்கில் இறகைச் செருகி விடுவார், பஞ்சாரத்தில் பட்டினி போடுவார். நாலு நாளில் அடை தெளிந்துவிடும். பாவம்தான். ஆனால் கோழியை அடைக்கு உட்கார வைக்கவும் தெளிய வைக்கவும் அவர் ஒருத்திக்கே தெரிந்திருந்தது என்பதைப் பின்னால்தான் யோசித்தேன்.

கோழி இல்லாமல் பொரிக்கும் வேலை நேற்று வந்ததில்லை. எகிப்தில் எருக்குவியலின் சூட்டில் முட்டை பொரிப்பதை அரிஸ்டாட்டில் எழுதியிருக்கிறார். பிறகு அங்கே மண்செங்கல் சூளைகள் வந்தன. சாணத்தையும் வைக்கோலையும் மூட்டமாக எரித்து, முட்டையைக் கண் இமையில் வைத்துச் சூடு பார்த்து, ஆயிரக்கணக்கில் பொரித்தார்கள். தெர்மாமீட்டர் கிடையாது, இமைதான். அந்த நாட்டு ஃபயூமி கோழி அடைக்கு உட்காருவது அபூர்வம். சூளை பார்த்துக்கொள்ளும் ஊரில் கோழி எதற்கு உட்கார வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. பிரான்சில் ரேயோமூர் 1749-இல் செயற்கைப் பொரிப்பு பற்றிப் புத்தகமே எழுதினார். 1879-இல் கலிபோர்னியாவின் பெட்டலூமாவில் லைமன் பைஸ் செய்த இன்குபேட்டர் வியாபாரத்துக்கு வந்தது. அந்த ஊர் அப்புறம் தன்னை உலகத்தின் முட்டைக்கூடை என்று சொல்லிக்கொண்டது.

மெஷின் வந்ததும் அடை ஒரு குற்றமாகிவிட்டது. உட்கார்ந்த கோழி முட்டை வைக்காது, தீவனம் மட்டும் தின்னும். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் வேளாண் ஆய்வு நிலையத்தில் ரோட் ஐலண்ட் ரெட் கோழிகளில் அடைக்கு உட்காருபவற்றைக் கழித்துக் கழித்து, தலைமுறை தலைமுறையாக அந்தக் குணத்தைக் குறைத்தார்கள். இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்திலிருந்து போன லெக்கார்னுக்கு அந்த வேலையும் மிச்சம். அதற்கு ஏற்கெனவே அடை என்றால் என்னவென்று அவ்வளவாகத் தெரியாது.

அந்த வெள்ளை லெக்கார்ன் நம் பக்கம் வந்த வழிகளில் ஒன்று மார்த்தாண்டம். அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானம். 1920-களில் அங்கே ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனரமைப்பு மையம் நடத்திய அமெரிக்கர் ஸ்பென்சர் ஹாட்ச், நல்ல இனக் கோழி வளர்ப்பையும் சேர்ந்து முட்டை விற்பதையும் கிராமத்து ஜனங்களுக்குக் கற்றுக்கொடுத்தார். ஹாட்ச் என்றால் இங்கிலீஷில் குஞ்சு பொரிப்பது. நான் கட்டிவிடவில்லை, அவர் பெயரே அதுதான்.

எங்க ஊருக்கு அது வந்தது பிளாக் ஆபீஸ் வழியாக. அப்பத்தா சொன்ன கதை இது. வெள்ளைக்கோழி முட்டை ஒரு டஜன் கொடுத்தார்களாம். கரண்டு இல்லாத ஊரில் மெஷினுக்கு எங்கே போவது? வெள்ளைக்கோழியோ தன் முட்டையில் தானே உட்காராது. "நம்ம சிறுவிடைதான்டா அம்புட்டையும் பொரிச்சுச்சு. வெள்ளக் குஞ்ச பின்னாடி கூட்டிக்கிட்டு திரிஞ்சுச்சு" என்பார். சிறுவிடை என்பது உருவில் சின்ன, முட்டையும் சின்ன நாட்டுக்கோழி. அடைக்கும் குஞ்சைக் காப்பதற்கும் அதை மிஞ்ச ஆளில்லை. தனக்குப் போட்டியாக வந்ததைத் தன் வயிற்றுச் சூட்டிலேயே பொரித்துக் கொடுத்திருக்கிறது.

இன்றைக்கு முட்டைக்கோழி வருஷத்துக்கு முந்நூறு வைக்கிறது. அடை, குஞ்சு என்று காலம் போக்கும் நாட்டுக்கோழி அறுபது, எழுபது வைத்தாலே பெரிது. அந்தப் போட்டியைப் பற்றி எனக்குப் புகார் இல்லை, நானும் ஆம்லெட் தின்கிறவன்தான். என் கவலை வேறே. நாட்டுக்கோழி என்ற பெயரிலேயே விற்கிற குஞ்சும் இப்போது மெஷினில்தான் பொரிகிறது. அங்கே நிறைய முட்டை வைக்கிற கோழிக்குத்தான் நிறைய குஞ்சு. அடைக்கு உட்காருகிற கோழிக்கு அந்த இடத்தில் மதிப்பில்லை. யாரும் திட்டம் போட்டுக் கழிக்க வேண்டாம், தானாகக் கழிந்துபோகும். என் ஆறு கோழிகளைப் பார்த்த பிறகு அப்படித்தான் நினைக்கிறேன்.

கடைசியில் கீழத்தெரு அத்தை வீட்டிலிருந்து ஒரு சிறுவிடை வெடக்கோழியைக் கேட்டு வாங்கி வந்தேன். அவர்கள் வீட்டில் தாயும் பிள்ளையுமாகவே தொடர்ந்து வரும் கோழி. வைத்த முட்டையில் நாலைந்தைக் கூடையிலேயே விட்டுவைத்தேன். கூடையை மாட்டுக்கொட்டகை மூலையில், சாக்கு மறைப்புக்குள் வைத்து, பிள்ளைகளை அந்தப் பக்கம் போகவிடவில்லை. பதிமூன்றாவது முட்டைக்குப் பிறகு ஒருநாள் சாயங்காலம் கையை நீட்டினேன். கொத்திவிட்டது. அன்று ராத்திரியே பழைய முட்டைகளை எடுத்துவிட்டு, சேர்த்து வைத்திருந்த புது முட்டை பதினொன்றை வைத்தேன். நாலு, அந்த ஆறு கோழிகளுடையது.

இன்றைக்குப் பதினாறாம் நாள். எட்டாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்ததில் இரண்டு கூமுட்டை, எடுத்துவிட்டேன். மீதி ஒன்பதையும் பதினெட்டாம் நாள் வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்க்கணும். உயிர் இருந்தால் முட்டை ஆடும். அடைக்கூடையில் இரும்புத்துண்டும் கிடக்கிறது. நம்பிக்கை இல்லை, அப்பத்தா வைப்பார் என்பதால் வைத்தேன்.