பழவேற்காட்டு விருந்தாளிகளும் சில கணக்குப்பிள்ளைகளும்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் குடியிருக்கிறவங்க கிட்ட "கடற்கரைக்குப் போலாமா"ன்னு கேட்டா மெரினா இல்லேன்னா பெசன்ட் நகர்னு பதில் வரும். கொஞ்சம் வசதியான ஆளுன்னா கிழக்குக் கடற்கரைச் சாலை. நமக்கு வடக்கேயும் ஒரு கடற்கரை இருக்குங்கிற நினைப்பே யாருக்கும் வர்றதில்லை. பூண்டி ஏரியைத் தாண்டி தாமரைப்பாக்கம், வல்லூர்னு நம்ம தலைக்கு மேலயே ஓடி, கொசஸ்தலையாறு போய்ச் சேர்றது எண்ணூர் முகத்துவாரத்துல. அதுக்கும் மேல ஆரணியாறு பழவேற்காடு ஏரியில கலக்குது. செங்குன்றம், பொன்னேரி வழியா வண்டியை விட்டா ரெண்டு மணி நேரத்துக்குள்ள போயிடலாம். மார்கழி, தை மாசத்துல அங்கே வர்ற கூட்டத்தைப் பார்த்தா நம்ம தி.நகர் கூட்டமெல்லாம் சும்மா. என்ன, அந்தக் கூட்டத்துக்கு இறக்கை இருக்கும் :)

இந்தப் பதிவு அந்தப் பறவைகளைப் பத்தி மட்டும் இல்லை. அவங்களைப் பார்த்து "இன்னார் வந்தாங்க"ன்னு எழுதி வெச்ச கணக்குப்பிள்ளைகளைப் பத்தியும் தான். மெட்ராஸ் கடற்கரையில இந்தக் கணக்கு எழுதுற வேலை 300 வருஷத்துக்கு மேல நடக்குது. நம்மள்ல பல பேருக்கு இது தெரியாது.

முதல்ல, யார் இந்த விருந்தாளிகள்?

பத்திரிகைகள்ல வருஷா வருஷம் ஒரு செய்தி வரும். "ஆஸ்திரேலியா, சைபீரியாவில் இருந்து வேடந்தாங்கலுக்குப் பறவைகள் வருகை". வேடந்தாங்கல்ல கூடு கட்டுற நாரை, நீர்க்காகம், அரிவாள் மூக்கன் எல்லாம் பெரும்பாலும் நம்ம நாட்டு ஆளுங்கதான். ஒரு பறவை எங்கே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்குதோ அதுதான் அதோட சொந்த ஊர். நிஜமான வெளியூர் விருந்தாளி இங்கே கூடு கட்ட மாட்டான். வருவான், சாப்பிடுவான், உடம்பு தேத்திக்கிட்டு ஊருக்குப் போய்க் குடும்பம் நடத்துவான். ஆன்சைட் போன நம்ம பசங்க மாதிரின்னு வெச்சுக்கங்களேன்.

அந்த மாதிரி ஆளுங்க அதிகம் வர்ற இடம் கடற்கரைச் சேறும் உப்பங்கழியும் தான். கொசு உள்ளான்னு ஒண்ணு. மொத்த எடையே 20-லேர்ந்து 30 கிராம் தான். ஆர்க்டிக் பக்கத்துத் தூந்திரப் பிரதேசத்துல பொறந்து இங்கே வந்து சேத்துல புழு தேடுது. வரித்தலை வாத்து திபெத், மங்கோலியாவுல இருந்து இமயமலையைத் தாண்டி வருது. மூக்கன், கோட்டான், ஆலா, கல்திருப்பி உள்ளான், ஊசிவால் வாத்துன்னு பட்டியல் நீளம். செப்டம்பர், அக்டோபர்ல வர ஆரம்பிச்சு மார்ச், ஏப்ரல்ல கிளம்பிடுவாங்க.

பழவேற்காட்டோட சூப்பர் ஸ்டார் பூநாரை. அது சைபீரியா கேஸ் இல்லை. இந்தியாவுல அது பெருங்கூட்டமா கூடு கட்டுற இடம் குஜராத்தோட கட்ச் பாலைவனம். அந்த இடத்தைப் பார்த்து 1940-கள்லயே எழுதினவர் சாலிம் அலி. ஆக பூநாரையோட வழி வடக்கு தெற்கு மட்டும் இல்லை, கொஞ்சம் மேற்கு கிழக்கும் கூட.

இப்ப கணக்குப்பிள்ளைகளுக்கு வருவோம்.

1713: கோட்டையில் ஒரு டாக்டர்

புனித ஜார்ஜ் கோட்டையில எட்வர்ட் பக்லின்னு ஒரு அறுவை மருத்துவர் இருந்தார். கிழக்கிந்தியக் கம்பெனி சம்பளம். வைத்தியம் பார்த்த நேரம் போக, மெட்ராஸ் சுத்துவட்டாரத்துப் பறவைகளைப் படமா வரையவெச்சு, குறிப்போட லண்டனுக்கு அனுப்பினார். அங்கே ஜேம்ஸ் பெட்டிவர்னு ஒருத்தர். மருந்துக்கடைக்காரர், உலகத்துல இருக்கிற பூச்சி, செடி, சிப்பின்னு எதையும் விடாம சேர்க்கிற ஆள். அவர் கைக்கு வந்த அந்தப் படங்கள் 1713-ல் வெளியான ஜான் ரே எழுதின பறவை நூலோட பின்னிணைப்பா அச்சாச்சு. ரே இறந்து 8 வருஷம் கழிச்சு வந்த புத்தகம் அது. மொத்தம் 22 பறவை. தலைப்புலயே மதராஸ்பட்டணம்னு இருக்கும். இந்தியப் பறவைகளைப் பத்தி ஐரோப்பாவுல அச்சான ரொம்பப் பழைய படப் பட்டியல்கள்ல ஒண்ணு நம்ம ஊர்ப் பட்டியல்.

லின்னேயஸ் உயிரினங்களுக்கு ரெண்டு சொல் பேர் வைக்கிற முறையை 1758-ல் விலங்குகளுக்குக் கொண்டுவர்றதுக்கு 45 வருஷம் முந்தின சமாச்சாரம் இது. அந்தப் பேர் மோகம் அப்படியே தொத்திக்கிச்சு. நம்ம ஏரிக்கரையில வாலை ஆட்டிக்கிட்டுத் திரியுற வெண்புருவ வாலாட்டிக்கு 1789-ல் வெச்ச அறிவியல் பேர்லயே மெட்ராஸ் இருக்கு: மோட்டாசில்லா மதராஸ்பட்டென்சிஸ்!! ஊர் பேரைச் சென்னைன்னு மாத்தினாலும் அந்தக் குருவி மாத்திக்கலை.

1801: ஜட்ஜ் அம்மா வரைஞ்ச படங்கள்

எனக்கு ரொம்பப் பிடிச்ச கணக்குப்பிள்ளை இவங்கதான். எலிசபெத் க்வில்லிம். கணவர் சர் ஹென்றி க்வில்லிம் மெட்ராஸ் உச்ச நீதிமன்ற நீதிபதி. 1801-ல் வந்தாங்க. கூடவே தங்கச்சி மேரி சைமண்ட்ஸும் வந்தாங்க. அக்கா பறவைகளை வரைவாங்க, தங்கச்சி மீன்களை.

அப்பல்லாம் பறவையை வரையணும்னா சுட்டுக் கொன்னு, பஞ்சு அடைச்சு மேஜையில வெச்சு வரையுறதுதான் வழக்கம். அதனால படத்துல இருக்கிற பறவை பொம்மை மாதிரி நிக்கும். க்வில்லிம் அம்மா பறவை பிடிக்கிறவங்களை விட்டு உயிரோட கொண்டுவரச் சொல்லி வரைஞ்சாங்க. பெரிய நாரைகளைக்கூட பெரிய தாள்ல இறகு இறகா வரைஞ்சிருக்காங்க. ஆடுபான்னு ஒரு அமெரிக்க ஓவியர், பறவை ஓவியம்னாலே உலகம் அவரைத்தான் சொல்லும். அவர் புத்தகம் வெளிவரத் தொடங்கினது 1827-ல். இவங்க அதுக்கு 20 வருஷம் முன்னாடியே வரைஞ்சு முடிச்சுட்டாங்க.

1807 டிசம்பர்ல மெட்ராஸ்லயே இறந்துட்டாங்க. கோட்டைக்குள்ள இருக்கிற புனித மேரி தேவாலயத்துலதான் அடக்கம். படங்கள் இங்கிலாந்துக்குப் போய் 100 வருஷத்துக்கு மேல ஒருத்தர் கண்ணுலயும் படலை. 1924-ல் கேசி வுட்ங்கிற கண் மருத்துவர் லண்டன்ல கண்டுபிடிச்சு வாங்கினார். இப்ப அந்த 121 ஓவியங்களும் கனடாவுல மான்ட்ரியால் நகரத்து மெக்கில் பல்கலைக்கழக நூலகத்துல பத்திரமா இருக்கு. நம்ம ஏரியில நின்ன நாரை, கனடாவுல பனிக்கு நடுவுல. விதி!

1836-க்கு அப்புறம்: ஜெர்டனும் துப்பாக்கிகளும்

அடுத்த ஆளும் டாக்டர்தான். தாமஸ் ஜெர்டன். 1836-ல் மெட்ராஸ் வந்தார். 1839-40-ல் தென்னிந்தியப் பறவைப் பட்டியல் ஒண்ணை மெட்ராஸ் பத்திரிகை ஒண்ணுல தொடரா எழுதினார். 1843-47-ல் 50 பறவைகளோட வண்ணப் படங்களை மெட்ராஸ்லயே புத்தகமாப் போட்டார். படம் வரைஞ்சது நம்ம ஊர் ஓவியர்கள். நெல்லூர்ல டாக்டரா வேலை பார்த்தவர்ங்கிறதால பழவேற்காடு ஏரி அவருக்குக் கொல்லைப்புறம் மாதிரி. 1862-64-ல் வந்த அவரோட இந்தியப் பறவைகள் நூல்ல பல பறவைகளுக்குத் தமிழ், தெலுங்குப் பேரும் சேர்த்தே கொடுத்திருப்பார். அந்தப் பேரெல்லாம் அவருக்குச் சொன்னது யாரு? இதுக்குக் கடைசியில வர்றேன்.

அந்தக் காலத்து வெள்ளைக்காரங்களுக்குக் குளிர்காலம்னா உள்ளான் வேட்டை. நெல்வயல் சேத்துல உக்காந்திருக்கும், காலடிச் சத்தம் கேட்டதும் கோணல்மாணலா எழுந்து பறக்கும். அதைச் சுடறது கஷ்டம். "ஸ்னைப்" என்கிற அந்தப் பறவையைச் சுடத் தெரிஞ்சவன்தான் "ஸ்னைப்பர்". இந்தியாவுல இருந்த பிரிட்டிஷ் அதிகாரிங்க 18-ம் நூற்றாண்டுல ஊருக்கு எழுதின கடிதங்கள்லதான் இந்தச் சொல் முளைச்சது. கவுன்டர் ஸ்ட்ரைக் ஆடறவங்க கவனிக்க :)

அதே காலத்துல இன்னொரு பக்கமும் இருந்துச்சு. வேடந்தாங்கல்காரங்க, தங்கள் ஏரிப் பறவைகளைச் சிப்பாய்ங்க சுடக்கூடாதுன்னு கலெக்டர் லயோனல் பிளேஸ் கிட்ட 1790-களோட கடைசியில எழுத்துல உத்தரவு வாங்கினாங்க. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணி பயிருக்கு உரம்னு அவங்களுக்கு அனுபவத்துல தெரியும். பழவேற்காட்டுக்கும் எண்ணூருக்கும் அப்படி ஒரு உத்தரவு வாங்கித்தர ஆள் இல்லை. வந்துட்டுப் போற பறவைக்கு யாரு வக்காலத்து வாங்குவா?

எண்ண ஆரம்பிச்ச காலம்

1947-க்குப் பிறகு துப்பாக்கி குறைஞ்சு பைனாகுலர் வந்துச்சு. மா. கிருஷ்ணன் 1950-லேர்ந்து 1996-ல் சாகிற வரைக்கும் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில இயற்கை பத்தி விடாம எழுதினார், தமிழ்லயும் எழுதினார். மும்பை இயற்கை வரலாற்றுக் கழகம் 1960-கள்ல பறவைக் காலுக்கு வளையம் போட்டு எங்கே போகுதுன்னு பார்த்துச்சு. நம்ம மாநிலத்துல அதுக்கு முக்கியமான இடம் கோடியக்கரை. 1978-ல் மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி ஆரம்பமாச்சு. விடிகாலையில பஸ் பிடிச்சுப் போய், பார்த்ததை நோட்டுல எழுதிட்டு, ஞாயித்துக்கிழமையை இப்படிக் கழிச்ச ஒரு கும்பல். இப்ப சென்னைப் பறவைகளைப் பத்திப் பேசும்போது பழைய ஆதாரம்னு காட்டுறதுல பாதி அந்த நோட்டுகளோட புண்ணியம்.

பழவேற்காடு ஏரியோட பெரிய பகுதி ஆந்திராவுலயும் சின்னப் பகுதி நம்ம கிட்டயும் இருக்கு. தமிழ்நாட்டுப் பகுதி 1980-ல் பறவைகள் சரணாலயம் ஆச்சு. 1987-லேர்ந்து ஜனவரி மாசம் ஆசியா முழுக்க ஒரே சமயத்துல நீர்ப்பறவைகளை எண்ணுற கணக்கெடுப்பு நடக்குது. 2015-லேர்ந்து பொங்கல் சமயத்துல தமிழ்நாடு முழுக்க யார் வேணா கலந்துக்கக்கூடிய பொங்கல் பறவைக் கணக்கெடுப்பும் நடக்குது. இப்ப ஃபோன்ல ஈ-பேர்ட் செயலி இருந்தா போதும்.

இங்கதான் எனக்கு உறுத்துது. பக்லி கிட்ட பேர் இருக்கு. க்வில்லிம் அம்மா கிட்ட படம் இருக்கு. ஜெர்டன் கிட்ட "சகஜமாக் கிடைக்கும், அபூர்வம்"னு குறிப்பு இருக்கு. எண்ணிக்கை யார்கிட்டயும் இல்லை. வருஷா வருஷம் எண்ண ஆரம்பிச்சது 1987-ல்.

எண்ணூர்ல அனல் மின் நிலையம் ஓட ஆரம்பிச்சது 1970 வாக்குல. அது 2017-ல் மூடப்பட்டாச்சு. நடுவுல 1994-ல் வடசென்னை அனல் மின் நிலையம், 2001-ல் எண்ணூர்த் துறைமுகம், அப்புறம் காட்டுப்பள்ளித் துறைமுகம்னு வரிசையா வந்துச்சு. கழியில சாம்பல் படிஞ்சுது, உப்பளங்கள் போச்சு. 2017 ஜனவரி 28-ல் ரெண்டு கப்பல் மோதிக் கடல்ல எண்ணெய் கொட்டுச்சு. வாளியில அள்ளின படங்கள் ஞாபகம் இருக்கும். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட மணலிப் பக்கத்து எண்ணெய் கழிக்குள்ள வந்துச்சு. இறகெல்லாம் எண்ணெய் அப்பின கூழைக்கடாக்கள் படகு மேல உக்காந்திருந்துச்சு. நம்ம அம்பத்தூர், கொரட்டூர் ஏரியில நீந்துமே, அதே கூழைக்கடா. மீனவங்களோட வலையும் படகும் அதே எண்ணெயில.

இப்ப யாராவது "இங்க அப்படி என்ன பெருசா பறவை இருந்துச்சு?"ன்னு கேட்டா பதில் என்ன? 1970-க்கு முந்தி எண்ணூர்ல எத்தனை உள்ளான் இறங்குச்சுன்னு காட்ட நம்ம கிட்ட வருஷக் கணக்கு இல்லை. பாங்க் பாஸ்புக்ல ஓபனிங் பேலன்ஸ் இல்லாம எவ்வளவு களவு போச்சுன்னு எப்படிப் புகார் கொடுக்கறது? எழுதி வைக்காதது போனா, போனதே தெரியாது.

பேர் இல்லாத கணக்குப்பிள்ளைகள்

க்வில்லிம் அம்மாவுக்குப் பறவை பிடிச்சுக் கொடுத்தவங்க, ஜெர்டனுக்குத் தமிழ்ப் பேர் சொன்னவங்க, அந்த ஓவியர்கள். இவங்க பேர் வரலாற்றுல பெரும்பாலும் இல்லை. ஆனா அவங்க வெச்ச பேர்கள் இருக்கு. உப்பளத்துல ஓடி ஓடிக் கொத்துற பறவைக்கு உப்புக்கொத்தி. கரண்டி மாதிரி அலகு இருந்தா கரண்டிவாயன். ஆளைப் பார்த்ததும் கத்தி ஊரைக் கூட்டினா ஆள்காட்டி. பார்க்காதவன் வைக்கிற பேரா இது?

இன்னும் பின்னாடி போனா சத்திமுத்தப் புலவர். வறுமையில ஊர் விட்டு வந்து கிடந்த மனுஷன், வானத்துல போன செங்கால் நாரை கிட்ட மனைவிக்குச் சேதி சொல்லி அனுப்பினார். பாட்டு எல்லாருக்கும் பள்ளிக்கூடத்துலயே தெரியும். நாரை தெக்கே குமரி வரைக்கும் போய் வடக்கே திரும்பும்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு. வலசைங்கிறதை அவ்வளவு சாதாரணமா சொல்லிட்டுப் போறார்.

இன்னிக்கும் பழவேற்காட்டு மீனவங்க கிட்ட பேசிப் பாருங்க. யார் எந்த நாள் எந்த இடத்துல வலை போடணும்னு பாடு முறையில தங்களுக்குள்ள பிரிச்சுக்கிறவங்க அவங்க. முகத்துவாரத்தை மணல் மூடினா தண்ணி எப்படி மாறும், மீன் எங்கே போகும், மீன் பின்னாடி பறவை எங்கே போகும்னு சொல்வாங்க. சரணாலயம்னு சொன்னா அவங்களுக்குப் பயமும் இருக்கு, தொழிலுக்குத் தடை வருமோன்னு. அந்தப் பயம் நியாயமானது. பறவையைக் காப்பாத்துறேன்னு மீனவரை விரட்டினா, அந்த ஏரியை நல்லாத் தெரிஞ்ச கணக்குப்பிள்ளையை விரட்டின மாதிரி ஆகும்.

நம்ம பதிவர்கள்ல நல்ல கேமரா வெச்சிருக்கிறவங்க நிறைய. அடுத்த தடவை எண்ணூர், பழவேற்காடு, கோடியக்கரை, ஏன் பருத்திப்பட்டு ஏரிக்கே போனாலும், "சூப்பர் பூநாரை" படத்துக்குக் கீழே மூணு விஷயம் எழுதுங்க: எந்தத் தேதி, எந்த இடம், எத்தனை. கோட்டையில உக்காந்து 22 பறவையைப் பத்தி எழுதின டாக்டருக்கும் 300 வருஷம் கழிச்சு அம்பத்தூர்ல ஒருத்தன் அதைப் படிப்பான்னு தெரிஞ்சிருக்காது.

பி.கு.: போறவங்க டிசம்பர்லேர்ந்து பிப்ரவரிக்குள்ள, காலையில சீக்கிரம் போங்க. பூநாரை பறக்கிற மாதிரி போட்டோ வேணும்னு படகை விட்டு விரட்டச் சொல்லாதீங்க. ஆயிரம் மைலுக்கு மேல பறந்து வந்து இப்பதான் சாப்பிட உக்காந்திருக்கும். பந்தியில உக்காந்தவனை எழுப்பக் கூடாதுன்னு நம்ம பாட்டி சொன்னது பறவைக்கும் தான்.