வினாவும் விடையும்: ஜே. கிருஷ்ணமூர்த்தியின் உரையாடல்களும் தமிழ் மொழிபெயர்ப்பும்

தொல்காப்பியச் சிறப்புப்பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்தின் வட எல்லையாக வேங்கடத்தைச் சுட்டுகிறது. வேங்கட மலையடிவாரத்துத் திருப்பதியும் அதனை அடுத்த சித்தூர்ப் பகுதியும் நெடுங்காலமாகத் தமிழும் தெலுங்கும் ஒருங்கே வழங்கிவரும் நிலமாகும். வட ஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களிலிருந்து பிரிக்கப்பட்ட பகுதிகளைக் கொண்டு 1911-இல் சித்தூர் மாவட்டம் அமைக்கப்பட்டது. 1953-இல் அது ஆந்திர மாநிலத்தின் பகுதியாயிற்று; 1960-இல் திருத்தணி உள்ளிட்ட பகுதிகள் சென்னை மாநிலத்துடன் இணைக்கப்பட்டன. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. மதனப்பள்ளி அன்னமய்யா மாவட்டத்தில் சேர்க்கப்பட்டது.

இம்மதனப்பள்ளி மொழிபெயர்ப்பு வரலாற்றில் இருவகையால் நினைக்கத்தக்கது. அன்னி பெசண்டின் முயற்சியால் 1915-இல் அங்குத் தொடங்கப்பெற்ற பிரம்மஞான சபைக் கல்லூரியில் 1919 பிப்ரவரியில் தங்கியிருந்தபோதுதான் இரவீந்திரநாத தாகூர் தம் 'ஜன கண மன' பாடலை ஆங்கிலத்தில் பெயர்த்தார். அதே ஊரில், அது கடப்பை மாவட்டத்தைச் சார்ந்திருந்த காலத்தில், 1895 மே மாதம் பிறந்தவர் ஜித்து கிருஷ்ணமூர்த்தி. தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தவராயினும் இளமையிலேயே ஆங்கிலச் சூழலுக்கு மாறியமையால், அவர்தம் பேச்சும் எழுத்தும் ஆங்கிலத்திலேயே அமைந்தன. ஆகவே அவர் கூறியவை பிறந்த மண்ணின் மொழிகளுக்கு மொழிபெயர்ப்பு வாயிலாகவே வந்து சேர வேண்டியிருந்தது.

உரையாடல் வடிவம் உருவான வரலாறு

பிரம்மஞான சபையினரால் 1909-இல் அடையாற்றில் தேர்ந்தெடுக்கப்பட்டு, உலக குருவாக எதிர்பார்க்கப்பட்ட கிருஷ்ணமூர்த்தி, தமக்கென அமைக்கப்பட்ட விண்மீன் சங்கத்தை 1929 ஆகஸ்டில் ஆலந்து நாட்டின் ஓமன் நகரில் கலைத்தார். குருவுக்குரிய பீடத்தை மறுத்தவர் எவ்வாறு பேசுவது என்னும் கேள்வி அன்று முதல் எழுந்தது. அதற்கு அவர் கண்ட விடைகளுள் ஒன்று உரையாடல் வடிவம்.

அவ்வடிவம் மூன்று நிலைகளில் வளர்ந்தது. முதலாவது, தம்மைத் தனியே காண வந்தவர்களுடன் நிகழ்ந்த பேச்சுகளை அவரே எழுதிவைத்த நிலை. 'காமெண்டரீஸ் ஆன் லிவிங்' என்னும் தலைப்பில் 1956 முதல் 1960 வரை மூன்று தொகுதிகளாக இவை வெளிவந்தன. வந்தவர் பெயர் இவற்றில் இல்லை. அவர்தம் இயல்பும் துயரமும் மட்டுமே உண்டு. பெரும்பாலும் நிலக்காட்சி ஒன்றுடன் கட்டுரை தொடங்கும். முதற்பொருளை முன்வைத்து உரிப்பொருளுக்குச் செல்லும் அகப்பாடல் மரபில் பழகிய தமிழ் வாசகருக்கு இவ்வமைப்பு அயன்மையாகத் தோன்றாது.

இரண்டாவது நிலை குழு உரையாடல். புது டில்லி, சென்னை, மும்பை ஆகிய நகரங்களோடு மதனப்பள்ளியை அடுத்த ரிஷி பள்ளத்தாக்கிலும் 1970, 1971 ஆண்டுகளில் நிகழ்ந்த உரையாடல்களைப் புபுல் ஜயகரும் சுனந்தா பட்வர்தனும் 'டிரெடிஷன் அண்ட் ரெவல்யூஷன்' என்னும் நூலாக 1972-இல் பதிப்பித்தனர். மரபறிவுடையோரும் நவீனக் கல்வி பெற்றோரும் இவற்றில் கலந்துகொண்டனர்.

மூன்றாவது நிலை அறிவியலாளருடன் நிகழ்ந்த நேர்காணல். இயற்பியலறிஞர் டேவிட் போம் (1917–1992) கிருஷ்ணமூர்த்தியின் நூலொன்றை முதன்முதலில் அறிந்தது பிரிஸ்டல் நகரப் பொது நூலகத்தில்; அதில் நோக்குபவர், நோக்கப்படுவது என்னும் சொற்கள் ஆளப்பட்டிருந்தமை குவாண்டம் கொள்கையை ஆராய்ந்துவந்த அவரைக் கவர்ந்தது. 1961-இல் இருவரும் சந்தித்தனர். 1980 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஓஹாயிலும் பிராக்வுட் பார்க்கிலும் நிகழ்ந்த உரையாடல்கள் 'தி எண்டிங் ஆஃப் டைம்' என்னும் நூலாக 1985-இல் வெளிவந்தன. மனித இனம் எங்கேனும் வழிதவறித் திரும்பிவிட்டதா என்னும் வினாவுடன் அவ்வுரையாடல் தொடங்குகிறது.

இவ்விடத்தில் 1930 ஜூலையில் தாகூரும் ஐன்ஸ்டைனும் நிகழ்த்திய உரையாடல் ஒப்புநோக்கத்தக்கது. உண்மை என்பது மனிதரைச் சாராது நிற்பதா என்பதே அதன் மையம். அது குறிப்பெடுத்தோர் வழியாக வேறுபட்ட வடிவங்களில் அச்சேறியது. ஒலிப்பதிவுக் கருவி பரவிய பின் நிகழ்ந்த போம் உரையாடல்களுக்கு அத்தகைய ஐயம் குறைவு. ஆயினும் பேச்சு, பதிவு, பதிப்பு என மூன்று படிகளைக் கடந்தே உரையாடல் மொழிபெயர்ப்பாளர் கையை அடைகிறது.

நன்னூலார் வகுத்த வினாவகை

வினாவை அறிவு, அறியாமை, ஐயம், கொளல், கொடை, ஏவல் என ஆறாகவும், விடையைச் சுட்டு, மறை, நேர், ஏவல், வினாதல், உற்றதுரைத்தல், உறுவது கூறல், இனமொழி என எட்டாகவும் நன்னூல் வகுக்கிறது. ஆசிரியர் மாணவரை வினவுவது அறிவினா. மாணவர் ஆசிரியரை வினவுவது அறியாவினா. இவ்விரண்டிலும் விடையறிந்தவர் ஒருவர் இருக்கிறார். அவர் யார் என்பதே வேறுபாடு.

கிருஷ்ணமூர்த்தியின் விடைகளில் மிகுதியும் காணப்படுவது வினாவெதிர் வினாதல். ஆனால் அவர்தம் வினாக்களை மேற்கூறிய ஆறனுள் ஒன்றில் அடக்குவது எளிதன்று. ஐயவினா அவற்றுக்கு நெருங்கியது. எனினும் அது 'குற்றியோ மகனோ' என்பதுபோல இரண்டில் ஒன்றைத் துணிய வேண்டுவது. இங்கோ இருவரும் அறியாத ஒன்றை முடிவு கட்டாமல் ஒருங்கே நோக்குதல் குறிக்கோளாகிறது. இதனை அறிவினாவாகப் பெயர்த்துவிட்டால் உரையாடல் உபதேசமாகிவிடும். 'இது இயலுமா?' என்பதற்கும் 'இது இயலுமல்லவா?' என்பதற்கும் இடையே உள்ள வேறுபாடு சிறிதன்று. பின்னதில் விடை முன்னரே கைவசம் உள்ளது.

பெயர்ப்பில் எழும் சிக்கல்கள்

முதற்சிக்கல் இடப்பெயர். ஆங்கில முன்னிலைச் சொல் ஒன்றே. தமிழில் நீ, நீர், நீங்கள் என்பவற்றுள் ஒன்றைத் தெரிந்தாக வேண்டும். வந்தவர் 'நீங்கள்' என, கிருஷ்ணமூர்த்தி 'நீ' என விளிப்பதாகப் பெயர்த்தால், 1929-இல் அவர் துறந்த பீடம் மீண்டும் இடப்பட்டதாகும். தன்மைப் பன்மையில் நிலைமை வேறு. ஆங்கிலத்தில் இல்லாத நாம், நாங்கள் என்னும் வேறுபாடு தமிழுக்கு உண்டு. இருவரும் கூடி ஆராயுமிடத்து 'நாம்' என்றும், போம் இயற்பியலாளர் சார்பில் பேசுமிடத்து 'நாங்கள்' என்றும் பெயர்க்கும்போது, மூலத்தில் மறைந்துகிடக்கும் பொருள் தமிழில் வெளிப்படுகிறது.

இரண்டாவது சிக்கல் 'நினை' என்னும் வேர். எண்ணம் என்பது நினைவாற்றலின் எதிர்வினை என்பது கிருஷ்ணமூர்த்தியின் அடிப்படைக் கருத்துகளுள் ஒன்று. தமிழில் எண்ணுதலையும் முன்னறிந்ததை மனத்தில் கொள்ளுதலையும் 'நினைவு' என்னும் ஒரே சொல் குறிக்கவல்லது. அச்சொல்லையே இரண்டிடத்தும் ஆண்டால், ஆராய்ந்து காட்ட வேண்டிய கருத்து கூறியது கூறலாகிவிடும். எண்ணம், நினைவு என இரு சொற்களால் பிரித்துக் கூறுவதே தக்கது. போம் 1990-இல் நடத்திய கருத்தரங்கில் எண்ணுகின்ற செயலையும் எண்ணி முடிந்ததன் எச்சத்தையும் வேறுபடுத்தினார். காலங்காட்டும் வினைவடிவம் வளமுடைய தமிழுக்கு இது எளிது. வினையை முதன்மையாக்கிய மொழி ஒன்றை அவர் 1980-இல் வெளியிட்ட தம் நூலில் சோதித்துப் பார்த்தமையும் மொழியியலார் கருதத்தக்கது.

மூன்றாவது சிக்கல் கலைச்சொற்களின் மரபுச் சுமை. 'தி எண்டிங் ஆஃப் டைம்' என்பதைக் 'காலத்தின் முடிவு' எனப் பெயர்த்தால் ஊழிக்காலம் என்னும் பொருள் முந்தும். மூலம் கருதுவதோ, 'இன்னதாக ஆவேன்' என்று மனம் தனக்குள் அமைத்துக்கொள்ளும் காலம் ஓய்வதை. 'மனம்' சைவ சித்தாந்தத்தில் அந்தக்கரணம் நான்கனுள் ஒன்று. போம் உரையாடலில் மூளைக்கு அப்பாற்பட்டதாகப் பேசப்படும் ஒன்றை அச்சொல்லால் குறிக்கும்போது கருத்து தலைகீழாகத் தோன்றக்கூடும். 'காண்பான், காட்சிப்பொருள்' என்னும் இணை வேதாந்தத்தை நினைவூட்டும். 'நோக்குநர், நோக்கப்படுவது' என்பது ஆய்வுக்கூடத்தை நினைவூட்டும். போம் இவ்வுரையாடலுக்கு வந்த வழியே பின்னது என்பதால் அதற்கு இடமளிக்க வேண்டும்.

முடிவுரை

கிருஷ்ணமூர்த்தி 1986 பிப்ரவரியில் ஓஹாயில் மறைந்தார். நூல்களாகவும் பதிவுகளாகவும் எஞ்சிய உரையாடல்களைப் பெயர்ப்போர், தமிழில் ஆயத்தமாக உள்ள ஞானநூல் நடையை நாடுவது இயல்பே. அந்நடை இனியது, வாசகருக்குப் பழகியது. ஆயினும் அது கேட்போரைக் கீழேயும் சொல்வோரை மேலேயும் நிறுத்துவது. இருவர் சமநிலையில் அமர்ந்து, விடையறியாமல் வினவிய பேச்சை அந்நடையில் பெயர்த்தால் சொற்பொருள் பிழையின்றி வரலாம்; உறவுநிலை பிழைபடும். சமநிலையான விளியும், துணிபு ஏற்றாத வினாவிகுதியும், 'நாம்' என்னும் தன்மைப் பன்மையும் இங்கு அகராதிப் பொருளுக்கு இணையாகப் பேணத்தக்கவை. தமிழும் தெலுங்கும் பக்கத்தில் பக்கத்தில் வழங்கும் நிலத்தில் பிறந்தவரின் ஆங்கிலப் பேச்சு அந்நிலத்து மொழிகளுக்கு மீளும்போது, குருவை மறுத்தவரை மீண்டும் குருவாக்காமல் காப்பது பெரிதும் இச்சிறு இலக்கணக் கூறுகளையே பொறுத்துள்ளது.