எட்டாமிடத்தில் எழுந்த கூச்சல்

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் டிரைப்போஸ் கணிதத் தேர்வில் முதல் வகுப்பு வாங்கியவர்களை 'ராங்லர்' என்பார்கள். முதலாமவர் 'சீனியர் ராங்லர்'. அவருக்கு அந்நாளில் மாப்பிள்ளை மரியாதைதான். 1880-இல் செனட் ஹவுஸ் அரங்கில் பட்டியலை வாசித்துக்கொண்டே எட்டாமிடத்துக்கு வந்ததும், மாணவர்கள் "ஸ்காட் ஆஃப் கர்ட்டன்!" என்று கத்தினார்கள். வாசிக்கப்பட்ட ஆணின் பெயர் யார் காதிலும் விழவில்லை. பெண்களுக்கான கர்ட்டன் கல்லூரியின் ஷார்லட் ஸ்காட்டுக்கு எட்டாமவருக்கு நிகரான தகுதி. ஆனால் பெண் என்பதால் பட்டியலில் பெயரில்லை, விழாவில் இடமுமில்லை.

அடுத்த ஆண்டு பல்கலைக்கழகம் கொஞ்சம் இறங்கி வந்தது: பெண்கள் முறைப்படி தேர்வெழுதலாம், பெயர் தனியாக வாசிக்கப்படும், பட்டம் மட்டும் கிடையாது. கணக்கு டீச்சராகவே காலம் தள்ளியவள் நான். பேப்பரைத் திருத்திவிட்டுச் பட்டத்தைப் பூட்டிவைக்கும் இந்த ஏற்பாட்டைப் படித்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

1890-இல் நியூன்ஹாம் கல்லூரியின் ஃபிலிப்பா ஃபாசெட். பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடிய மில்லிசென்ட் ஃபாசெட்டின் மகள். ஆண்கள் பட்டியல் முடிந்தபின் அவர் இடத்தைச் சொன்னார்கள்: சீனியர் ராங்லருக்கு மேலே! அரங்கமே அதிர்ந்தது. பட்டமா? மூச்!

1897-இல் பெண்களுக்குப் பட்டம் தருவது பற்றி வாக்கெடுப்பு. எதிர்த்தவர்கள் சைக்கிளில் போகும் பெண் பொம்மையைத் தெருவுக்கு மேலே கட்டித் தொங்கவிட்டார்கள். தீர்மானம் படுதோல்வி. முழுப் பட்டம் 1948-இல்தான் வந்தது.

ஸ்காட் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. லண்டன் பல்கலைக்கழகத்தில் 1885-இல் முனைவர் பட்டம் வாங்கி, அதே ஆண்டு அமெரிக்காவின் பிரின் மார் பெண்கள் கல்லூரிக்குப் போய், பெண்களை முனைவர் பட்டம்வரை வழிநடத்தினார். 1906-இல் அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் துணைத் தலைவரும் ஆனார்.