தாம்பூலமும் இடைச்சொல்லும்

சாயல்குடிப் பக்கத்துத் திருமண வீடுகளில் தாம்பூலத் தட்டை மறுப்பது பண்பன்று. கோவலன் கண்ணகி கையால் உண்ட கடைசி உணவுக்குப் பின் அவள் வெற்றிலையும் பாக்கும் கொடுத்ததாக இளங்கோவடிகள் பாடுகிறார். அப்பகுதியை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் நாம் நெகிழ்வதுண்டு. ஆயினும் அத்தட்டுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. அது மருத்துவமனைகளில் எழுதப்பட்டது.

1902இல் சென்னையில் பணியாற்றிய நிப்லாக் என்ற மருத்துவர், வெற்றிலை மெல்லுவதற்கும் வாய்ப்புற்றுக்கும் உள்ள தொடர்பைச் சுட்டினார். அன்று திருவிதாங்கூரிலும் 1956 முதல் தமிழகத்திலும் உள்ள நெய்யூரின் மிஷன் மருத்துவமனையிலிருந்து பென்டால் 1908இல் 1700 புற்றுநோயாளிகளைப் பற்றிய தொகுப்பை வெளியிட்டார். 1933இல் ஆர் என்னும் மருத்துவர் திருவிதாங்கூர் வெற்றிலைப் பழக்கத்தாரின் வாய்ப்புற்றை 'லான்செட்' இதழில் விரித்துரைத்தார். முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் அடையாறு புற்றுநோய் நிலையம் எழுந்தது. அங்கிருந்து சாந்தாவும் கிருஷ்ணமூர்த்தியும் 1959இல் இந்நோயின் காரணிகளை ஆய்ந்தெழுதினர்.

புகையிலை போர்த்துகீசியரோடு வந்தது. ஆகவே பழியெல்லாம் அதற்கே என்று நாம் ஆறுதல் கொள்ளலாம். அந்த ஆறுதலும் நிலைக்கவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1985இல் புகையிலை சேர்ந்த தாம்பூலத்தையும், 2004இல் வெளியிட்ட நூலில் புகையிலையற்ற தாம்பூலத்தையும், தனிப் பாக்கையும்கூடப் புற்றுக் காரணிகள் என்றது.

உயிரணுவுக்குள் என்ன நேர்கிறது? மனித மரபுத்தொகுதியில் புரதத்துக்கு நேரடிக் குறிப்புத் தரும் பகுதி நூற்றில் இரண்டு பங்குகூட இல்லை. எஞ்சியதில் பெரும்பகுதியை ஒருகாலத்தில் குப்பை என்றனர். 1993இல் ஆம்ப்ரோசும் ருவ்குனும் ஒரு சிறு புழுவில், புரதமாக மாறாமலே மரபணுவை அடக்கும் நுண் ஆர்.என்.ஏ.வைக் கண்டறிந்தனர், 2024இல் நோபல் பரிசு பெற்றனர். தமிழாசிரியருக்கு இது புதிதன்று. இடைச்சொல் தனித்து நில்லாது. ஆனால் பெயரையும் வினையையும் சார்ந்து நின்று பொருளையே மாற்றிவிடும். வாய்ப்புற்றில் 'மிர்-21' என்னும் அத்தகைய நுண் ஆர்.என்.ஏ. மிகுந்து, கட்டியைத் தடுக்கும் மரபணுக்களின் வாயை அடைக்கிறது. சில நுண் ஆர்.என்.ஏ.க்கள் உமிழ்நீரிலேயே கிடைப்பதால், கத்தி படாமல் நோயை முன்னறியும் ஆய்வுகள் நடந்து வருகின்றன.

எம் உறவில் ஒரு பெரியம்மா. இடுப்பில் எந்நேரமும் சுருக்குப்பை. கன்னத்தில் எந்நேரமும் புகையிலை. வாய் திறக்க முடியவில்லை என்றபோது, பல்வலிதானே என்றோம் நாம். உட்கன்னத்து வெண்படலத்தை எவரும் பார்க்கவில்லை. மருத்துவரிடம் போனபோது காலம் கடந்திருந்தது.

உமிழ்நீர்ச் சோதனை நம்மூர் வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வெண்மையோ செம்மையோ படர்ந்திருந்தால், இரண்டு வாரத்தில் ஆறாத புண் இருந்தால், ஒரு கைவிளக்கே காட்டிக்கொடுக்கும். தாம்பூலத்தைப் பாட்டில் போற்றுவோம். வீட்டில் பெரியவர்களின் வாயை ஒருமுறை திறந்து பார்ப்போம்.