பாட்டி எந்த ஊர்ல பிறந்தாங்க? ரக்பியும் வந்தவாசியும் ஒரு பாஸ்போர்ட்டும்

இன்னைக்கு எபிசோட் ரக்பி பத்தி. ஆனா தொடங்கப்போற இடம் வந்தவாசி. ஆமா, திருவண்ணாமலை மாவட்டத்துல, கோரைப்பாய்க்குப் பேர்போன அதே வந்தவாசி.

1760 ஜனவரி 22. வந்தவாசிப் போர். பள்ளிக்கூடப் புத்தகத்துல இதுக்கு ஒரே வரிதான் இருக்கும்: ஆங்கிலேயர் பிரெஞ்சுக்காரர்களைத் தோற்கடித்தனர். இப்போ அந்த ரெண்டு தளபதிகளோட பிறப்புச் சான்றிதழைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்க. ஆங்கிலப் படைக்குத் தலைமை தாங்கிய அயர் கூட், அயர்லாந்தின் லிமெரிக் பகுதியில் பிறந்தவர். பிரெஞ்சுப் படையின் தளபதி லாலி, பிரான்சில் பிறந்தவர்தான். ஆனா அவர் அப்பா அயர்லாந்தின் கால்வே பகுதியிலிருந்து நாடு கடந்து போனவர். லாலியோட படைப்பிரிவிலேயே நிறைய அயர்லாந்து வம்சாவளியினர் இருந்தாங்க.

அதாவது, இன்றைய ரக்பி விதிப்படி பார்த்தா, வந்தவாசியில் மோதிக்கொண்ட ரெண்டு தளபதிகளும் அயர்லாந்து அணிக்கே ஆடலாம். ஒருத்தர் பிறப்பால, இன்னொருத்தர் அப்பா வழியால.

ரெண்டு பக்கமும் சண்டை போட்ட நம்ம ஊர் சிப்பாய்களோட கதை வேற. நீ எந்த நாட்டுக்காரன்னு அவங்களை யாரும் கேட்கவே இல்லை. சம்பளம் யார் கொடுத்தாங்களோ, அவங்க பக்கம். இதை ஞாபகத்துல வச்சுக்கோங்க, கடைசியில தேவைப்படும்.

மூணு சாவி

ஒரு நாட்டுக்கு ரக்பி ஆட, உலக ரக்பி அமைப்பு மூணு வழி வச்சிருக்கு. நீங்க அந்த நாட்டில் பிறந்திருக்கணும். இல்லைன்னா உங்க அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி யாராவது ஒருத்தர் அங்க பிறந்திருக்கணும். இல்லைன்னா நீங்க அங்க குறிப்பிட்ட காலம் தொடர்ந்து வாழ்ந்திருக்கணும். அந்தக் காலம் முன்னாடி 3 வருஷமா இருந்துச்சு. 2017ல எடுத்த முடிவுப்படி அது 5 வருஷமாச்சு. கவனிச்சீங்களா, பாஸ்போர்ட் என்கிற சொல்லே இதில் வரலை. ஒலிம்பிக் ரக்பிக்கு மட்டும் அந்த நாட்டுக் குடியுரிமை வேணும்.

இந்த ஆட்டத்தோட ஆரம்ப காலத்துல இவ்வளவு கறார் இல்லை. 1872 கிறிஸ்துமஸ் அன்னைக்குக் கல்கத்தாவில் ஒரு ஆட்டம் நடந்தது. ஒரு பக்கம் இங்கிலாந்து, எதிர்ப்பக்கம் ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் மூணும் சேர்ந்து. கல்கத்தாவில் இருந்த வெள்ளைக்காரர்களே ரெண்டாப் பிரிஞ்சு ஆடினாங்க. அடுத்த மாசமே ஒரு கிளப் உருவாச்சு. சில வருஷத்துல அதை மூட வேண்டி வந்தப்போ, வங்கியில் மிச்சமிருந்த வெள்ளி ரூபாய்களை உருக்கி ஒரு கோப்பை செஞ்சாங்க. நாகப்பாம்புக் கைப்பிடி, மூடிமேல ஒரு யானை. இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 1879லிருந்து இன்னைக்கு வரைக்கும் மோதுறது அந்தக் கல்கத்தா கோப்பைக்காகத்தான்.

பாட்டி விவகாரம்

தாத்தா பாட்டி விதி கேட்க அழகா இருக்கும். ஆனா அதை யார் சரிபார்க்கிறது? 2000ல இந்தக் கேள்வி வெடிச்சது. வேல்ஸ் அணியின் ஷேன் ஹோவார்த், அதுக்கு முன்னாடி நியூசிலாந்துக்கு ஆடியவர். தாத்தா கார்டிஃபில் பிறந்தவர் என்பதுதான் அவரோட தகுதி. ஆவணம் அதை நிரூபிக்கலை.

ஸ்காட்லாந்தின் டேவ் ஹில்டன் கதை இன்னும் வருத்தமானது. தாத்தா எடின்பரோவில் பிறந்தவர்னு அவர் குடும்பமே நம்பிட்டு இருந்தது. 40க்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடிய பிறகுதான் தெரிஞ்சது, தாத்தா பிறந்தது இங்கிலாந்தின் பிரிஸ்டலில். ஒரே நாளில் அவர் ஸ்காட்லாந்துக்காரர் இல்லைன்னு ஆயிடுச்சு. அப்புறம் ஸ்காட்லாந்தில் வாழ்ந்த வருஷக் கணக்கில் தகுதி வாங்கி, 2002ல மறுபடி ஒரு ஆட்டம் ஆடினார்.

தப்பு நடந்தா அடி மொத்த நாட்டுக்கும் விழும். தகுதியில்லாத ஒரு வீரரை ஆட வைத்ததால், 2023 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றிருந்த ஸ்பெயின் வெளியேற்றப்பட்டது. அவர் அங்கு வாழ்ந்த காலத்தைக் காட்ட, பாஸ்போர்ட் நகலையே திருத்தியிருந்தார்கள். ஸ்பெயினின் இடம் ருமேனியாவுக்குப் போச்சு.

இதே விதி இன்னொரு பக்கம் பசிபிக் தீவுகளைக் காயப்படுத்தியது. டோங்கா, சமோவா மாதிரி சின்ன நாடுகளோட திறமைசாலிகள் நியூசிலாந்து, ஆஸ்திரேலியான்னு போயிடுவாங்க. பெரிய அணிக்கு ஒரு ஆட்டம் ஆடிட்டா, பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க அந்த அணிதான். டோங்காவில் பிறந்த மலகாய் ஃபெகிடோவா, நியூசிலாந்துக்கு ஆடினார். அங்க வாய்ப்பு முடிஞ்ச பிறகு, பிறந்த நாட்டுக்கு ஆட வழியில்லை. 2022 ஜனவரியில் விதி மாறியது. 3 வருஷம் சர்வதேச ஆட்டம் ஆடாமல் இருந்தா, பிறப்பாலோ பெற்றோர், தாத்தா பாட்டி வழியாலோ உறவுள்ள நாட்டுக்கு ஒரே ஒரு முறை மாறலாம். 2023 உலகக் கோப்பையில் ஃபெகிடோவா டோங்கா சட்டையில் இறங்கினார்.

இந்தியாவுக்கு ஒரே சாவி

சரி, நம்ம ஊருக்கு வருவோம். விஜய் அமிர்தராஜைத் தெரியும். சென்னைக்காரர், டென்னிஸ் நட்சத்திரம். அவர் மகன் பிரகாஷ் அமெரிக்காவில் பிறந்தவர், அமெரிக்கக் குடிமகன். 2003லிருந்து இந்தியாவுக்காக டேவிஸ் கோப்பை ஆடினார். அதேபோல அமெரிக்காவில் பிறந்த சுனிதா ராவ், 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் சானியா மிர்சாவோடு இரட்டையர் ஆட்டத்தில் இறங்கினார்.

அந்த டிசம்பரில் மத்திய விளையாட்டு அமைச்சகம் ஒரு முடிவெடுத்தது. இந்தியப் பாஸ்போர்ட் இருந்தா மட்டும்தான் இந்திய அணி. வம்சாவளி அட்டை போதாது. 2010ல டெல்லி உயர் நீதிமன்றமும் இதை ஏற்றுக்கொண்டது. நம்ம சட்டம் இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்காது. அதனால இது ஒரு காகிதம் வாங்குற விஷயம் இல்லை, ஒரு நாட்டை விட்டுக்கொடுக்கிற விஷயம்.

விட்டுக்கொடுத்தவங்களும் இருக்காங்க. டிரினிடாடில் பிறந்த ராபின் சிங், படிக்க மெட்ராஸ் வந்தவர். 33 வருஷக் காத்திருப்புக்குப் பிறகு 1988ல தமிழ்நாடு ரஞ்சி கோப்பையை வென்றபோது அந்த அணியில் இருந்தவர். இந்தியாவுக்கு ஆட, பிறந்த நாட்டுக் குடியுரிமையை விட்டார். 1989ல அவரோட முதல் ஒருநாள் போட்டி எங்க தெரியுமா? டிரினிடாடின் போர்ட் ஆஃப் ஸ்பெயினில், வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக! அந்தத் தொடரில் 2 ஆட்டம் ஆடினார். அடுத்த வாய்ப்பு 1996ல. 7 வருஷம். அப்படியும் மொத்தம் 136 ஒருநாள் போட்டி ஆடி முடிச்சார்.

கால்பந்தில் ஜப்பானில் பிறந்த இசுமி அராட்டா அந்த நாட்டுக் குடியுரிமையை விட்டார். 2025ல, ஆஸ்திரேலியாவில் பிறந்த ரையன் வில்லியம்ஸ். அவர் அம்மாவின் குடும்பம் மும்பையைச் சேர்ந்தது.

வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்தா, இங்க புழுதி மைதானத்தில் கஷ்டப்படுற பிள்ளையோட இடம் போகும் என்கிறது ஒரு வாதம். அதில் நியாயம் இருக்கு. பயிற்சி வசதியில ரெண்டு பேரும் சமம் இல்லை. ஆனா இந்த விவாதம் எப்பவும் டொராண்டோ, நியூஜெர்சி உறவுக்காரங்களைப் பத்தியே நடக்குது. எனக்கு உறுத்துறது வேற ஒரு பிள்ளை.

1983லிருந்து இலங்கைத் தமிழர்கள் அகதிகளாக இங்கே வந்தார்கள். தமிழ்நாடு முழுக்க நூற்றுக்கு மேற்பட்ட முகாம்கள். திருவண்ணாமலை மாவட்டத்திலும் உண்டு. 2021ல அரசு அவற்றுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியது. அங்கேயே பிறந்து, இங்கேயே படிச்சு, நம்ம மாதிரியே பேசுற ஒரு பொண்ணு. வேகமா ஓடுவா. 1987 ஜூலைக்குப் பிறகு பிறந்தவங்களுக்கு, பெற்றோரில் ஒருத்தராவது இந்தியராக இல்லைன்னா, இங்க பிறந்தது மட்டும் குடியுரிமை தராது. அதனால அவளுக்கு இந்தியப் பாஸ்போர்ட் கிடையாது.

உலக ரக்பி விதிப்படி அவ முழு இந்தியா. பிறப்பு, வாழ்ந்த காலம், ரெண்டு சாவியும் கையில் இருக்கு. நம்ம விதிப்படி அவ இந்தியச் சட்டையே போட முடியாது. விட்டுக்கொடுத்து வாங்கிக்கலாம்னா, விட்டுக்கொடுக்க அவ கையில் இன்னொரு பாஸ்போர்ட்கூட இல்லாம இருக்கலாம்.

வந்தவாசியில் செத்த சிப்பாய்கிட்ட யாரும் பாஸ்போர்ட் கேட்கலை. உயிரைக் கொடுக்க அது தேவைப்படலை. ஒரு நாட்டுச் சட்டை போட மட்டும் எது தேவை, பிறந்த மண்ணா, பாட்டியா, வாழ்ந்த வருஷமா, காகிதமா? உங்க பதில் எதுவா இருந்தாலும், அந்த முகாம் பொண்ணுகிட்ட அதை நேருக்கு நேர் சொல்ல முடியுமான்னு ஒருமுறை யோசிச்சுப் பாருங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.